ஒரு சிலந்தி குறைந்த செவ்வாய்க்கிழமை

பேனா அளவில் ஒரு டார்ச் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குடுவைச் செடியின் வாய்க்குள் குனிந்து பார்ப்பார். கையைக் கட்டிக்கொள்வது எதற்கென்று ஒருமுறை கேட்டேன். கை சும்மா இருந்தால் எதையாவது தொட்டுவிடும் என்றார். குடுவையின் உதட்டுக்குச் சற்றுக் கீழே, ஈயும் எறும்பும் நிற்க முடியாமல் வழுக்கி விழுகிற அந்த மெழுகுச் சுவரில், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, தேன் நிறத்தில் ஒரு சிலந்தி தான் கட்டிய நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். முன்னங்கால்கள் நான்கும் நண்டுக் கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். வலை பின்னுகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. செடியைத் தேடி வருகிற ஈயை அப்படியே அணைத்துப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் மேலே பட்டால் போதும், நூலோடு சரசரவென்று இறங்கி, விழுந்த பூச்சிகளைச் செரிப்பதற்காகச் செடி வைத்திருக்கும் நீருக்குள்ளேயே மூழ்கிவிடும். "முங்கிட்டா" என்பார் அவர், டார்ச்சைப் பல்லிலிருந்து எடுக்காமலே. பிறகு அசையாமல் காத்திருப்பார். அது நூலைப் பிடித்து மேலே ஏறி வந்த பிறகுதான் நோட்டில் ஒரு கோடு போடுவார். கண்ணால் பார்க்காத எதையும் அவர் எண்ணிக்கையில் சேர்த்ததில்லை.

அவரை நாங்கள் எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் அமெரிக்க புரொபசருக்கு அதுதான் அவருடைய பெயர் என்றே பல மாதம் நினைப்பு. தென்காசிப் பக்கத்துக்காரர். விவசாய இலாகாவில் முப்பது வருடம் விதை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்த பிறகு மகள் கிரீன் கார்டு எடுத்து அவரை நியூஜெர்சிக்கு, பிரிட்ஜ்வாட்டருக்கு, அழைத்து வந்திருந்தாள். கோயில் கேண்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மகள்தான் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். அப்பா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார், செடி கொடி என்றால் உயிர், உங்கள் யூனிவர்சிட்டியில் ஏதாவது பார்ட் டைம் வேலை இருக்குமா என்று கேட்டாள். எனக்கும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அங்கே ஒரு கண்ணாடி வீட்டுக்கு மேனேஜர். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது, விசாவில்தான் ஓடிக்கொண்டிருந்தேன், கிரீன் கார்டு வரிசையில் என் முறை எப்போது வரும் என்று கேட்டால் வக்கீலே சிரிப்பார்.

அது சாதாரணக் கண்ணாடி வீடு இல்லை. சிங்கப்பூர், மலேசியா பக்கத்துக் குடுவைச் செடிகளும் அவற்றுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து சாகிற இந்த நண்டுச் சிலந்திகளும் இருந்த குவாரன்டைன் வீடு. சிலந்தி ஈயைப் பிடித்து உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் கீழே போடும், செடி அதைச் செரித்துக்கொள்ளும். திருடனா கூட்டாளியா என்பதுதான் எங்கள் புரொபசரின் வாழ்நாள் கேள்வி. வெளிநாட்டு உயிர் என்பதால் பெர்மிட் வேண்டும். புரொபசர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்ததால் அந்தப் பெர்மிட் என் பெயரில் இருந்தது. இரண்டு கதவுகள், ஒன்று மூடாமல் இன்னொன்று திறக்காது. லிஸ்ட்டில் இல்லாத எதுவும் உள்ளே போகக்கூடாது, உள்ளே போன எதுவும் உயிரோடு வெளியே வரக்கூடாது. எறும்பு ஏறாமலிருக்கப் பலகார டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதைப்போல ஒவ்வொரு மேசையின் காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். மேசைக்கு மேசை ஒரு கை நீளம் இடைவெளி. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை சிலந்திகளை எண்ண வேண்டும். ஒன்று வெளியே தப்பியது என்று தெரிந்தால் பெர்மிட் ரத்து. அத்தனை செடியும் அத்தனை சிலந்தியும் ஆட்டோக்ளேவ் என்கிற அந்த ராட்சச பிரஷர் குக்கருக்குள் போகும். அங்கிள் அதை அண்டா என்பார்.

என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை வேலை வாங்குவது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தை மறைக்க நான் கொஞ்சம் அதிகமாகவே கறாராக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. கோயிலில் பார்த்தால் "என்னம்மா, சாப்பிட்டியா" என்பார். கண்ணாடி வீட்டின் முதல் கதவைத் தாண்டிவிட்டால் "மேடம்" தான். இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் அல்லவா, நாற்காலிக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்திருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அது தெரியவில்லை.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். பனி விழுகிற ஊரில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பது என்பது எங்கள் ஜனங்களுக்கு மட்டுமே உரிய பைத்தியக்காரத்தனம். கோடையில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரத் தளத்தில், டெக்கில், வைத்துக் கொஞ்சுவோம், அக்டோபரில் உள்ளே தூக்குவோம், டிசம்பரில் இலை கொட்டும், பிப்ரவரியில் குச்சி நிற்கும். போட்டோவை வாட்ஸாப் குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு மோர் ஊற்று, உரம் போடு என்பார்கள். நான் அப்படி மூன்று செடிகளைக் கொன்றிருந்தேன். நான்காவது செடி, என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்ட செடி, நவம்பர் கடைசியில் இலை உதிர்க்கத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் பொறுப்பில் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது, வருடம் முழுக்கச் சிங்கப்பூர் வெயிலும் ஈரமும் அங்கே இருக்கிறது, என் செடி மட்டும் சாக வேண்டுமா? தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் யாரும் இல்லாதபோது குப்பைப் பைக்குள் வைத்துக் கட்டி உள்ளே கொண்டுபோனேன். மூன்றாம் மேசைக்கும் நான்காம் மேசைக்கும் நடுவில் விளக்கு நன்றாக விழுகிற இடத்தில் வைத்து, சந்தேகம் வராதபடி லத்தீன் பெயர் எழுதிய லேபிளையும் குத்தினேன். விதிகளை எழுதிக் கதவில் ஒட்டியவளும் நான்தான்.

திங்கட்கிழமை அங்கிள் அதைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "இது லிஸ்ட்ல இல்லையே மேடம்" என்றார். அது என் பொறுப்பு, நீங்கள் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். சொன்ன குரலை நினைத்தால் இன்றைக்கும் காது கூசுகிறது. அவர் சரி என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்ற செடிகளுக்கு ஊற்றுவதைப் போலவே அதற்கும் அளந்து தண்ணீர் ஊற்றினார். பிப்ரவரியில் பனி முழங்கால் உயரம் கிடந்தபோது என் செடி தளதளவென்று நின்றது. வாரத்துக்கு ஒரு கைப்பிடி கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். தோழிகள் வீட்டுக்குச் சென்றால் அதைத்தான் கொடுப்பேன், பூங்கொத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மார்ச்சில், பெர்மிட்டுக்காகக் கண்ணாடி வீட்டைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர் வருகிற தேதி வந்தது, ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை செடியை மறுபடி குப்பைப் பையில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இடத்தைத் துடைத்தேன், லேபிளைக் கிழித்துப் போட்டேன். அங்கிளைத் தவிர யாருக்கும் தெரியாமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அங்கிள் எண்ணினார். நாற்பத்தொன்று இருக்க வேண்டும். நாற்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். மூன்றாவது முறை நானும் கூட நின்று எண்ணினேன். நான்காம் மேசையின் ஓரச் சட்டியில், வயிறு நிறைய முட்டையோடு இருந்த ஒரு பெண் சிலந்தியைக் காணவில்லை. அதன் குடுவை வாடிக் கருகியிருந்தது. குடுவை வாடினால் சிலந்தி அதே செடியின் வேறு குடுவைக்குப் போகும், அது வழக்கம். ஆனால் மற்றக் குடுவைகளிலும் இல்லை. மேசைக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், தண்ணீர்க் கிண்ணங்களில், பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டைகளில், எங்கேயும் இல்லை. அந்தச் சட்டியின் கொடி ஒன்று மேசையை விட்டு வெளியே நீண்டு காற்றில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது காற்றில் நிற்கவில்லை, என் கறிவேப்பிலைக் கிளையின் மேல் சாய்ந்திருந்தது. அங்கிள் அந்தக் கொடியைப் பார்த்தார், தரையில் சட்டி இருந்த வட்டத் தடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"செடி எங்க?" என்றார். மேடம் சேர்க்கவில்லை.

வீட்டில் என்றேன். அவர் லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மூடி போட்ட இரண்டு சிறிய பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொண்டு, என் காரில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். சாலையோரமெல்லாம் கறுத்த பனி குவிந்து கிடந்தது. இந்தக் குளிரில் வெளியே போனால் அது ஒரு மணி நேரம் பிழைக்காது, யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று நான் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு வந்தேன். பெர்மிட்டில் அப்படி ஒரு விதிவிலக்கு கிடையாது. வேலை போனால் அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும், பதினோரு வருட வரிசை அதோடு முடிந்துவிடும் என்பதும்தான் உண்மையில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் அந்த வாரம் ஆபீஸ் வேலையாக டெக்சஸ் போயிருந்தார். செடி சமையலறையில், ஜன்னலுக்கும் சுவாமி அலமாரிக்கும் நடுவில் இருந்தது. அங்கிள் முதலில் ஹீட்டரை அணைக்கச் சொன்னார். காற்றில் நூல் அறுந்துவிடுமாம். தரையில் வெள்ளைப் போர்வையை விரித்தோம். ஒவ்வொரு கிளையாக, ஒவ்வோர் இலையாகப் பார்த்தோம். ஒரு கிளையில் நூல் இருந்தது, சிலந்தி இல்லை. அரை மணி, முக்கால் மணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் போனேன்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சிக்கிடலாம். காலைத் தூக்காம நில்லும்மா, மிதிச்சிராத."

நான் அப்படியே நின்றேன். அவர் சுவரை, ஜன்னல் திரையை, அலமாரித் தட்டைப் பார்த்துக்கொண்டே போனார். சுவாமி படத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வைத்த தண்ணீரோடு ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. குறுகிய கழுத்து, விரிந்த வாய். அவர் டார்ச்சைப் பல்லில் கவ்வினார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், செம்புக்குள் குனிந்தார். "முங்கிட்டா" என்றார். அந்தச் சிலந்திக்குச் செம்பும் ஒரு குடுவையாகத் தெரிந்ததா, இல்லை தற்செயலாகப் போய் உட்கார்ந்ததா, எனக்குத் தெரியாது. அது மேலே வருகிற வரையில் காத்திருந்து டப்பாவில் பிடித்தார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேவிட்டேன். கண்டம் கழிந்தது என்று நினைத்தேன்.

அவர் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் தெளியவில்லை. "வயிறு ஒட்டிக் கெடக்கு" என்றார். "பெத்துட்டா."

முட்டைப் பை எங்கேயோ இருந்தது. சில வாரத்தில் பொரிந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருபது முப்பது குஞ்சுகள். மறுபடி செடியிலிருந்து தொடங்கினோம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: திங்கட்கிழமை ரசத்துக்கு அந்தச் செடியிலிருந்து ஒரு கொத்து கிள்ளியிருந்தேன். சொன்னேன். அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்ச ரசத்தை எடுத்து, தட்டில் கொட்டி, ஊறிக் கறுத்த இலைகளை ஒவ்வொன்றாக விரலால் விரித்துப் பார்த்தார். ஒரு சிரிப்பும் இல்லாமல் அதைச் செய்தார். நான் பக்கத்தில் ஸ்பூனோடு நின்றேன். பை அதில் இல்லை. கடைசியில் சட்டியின் அடிக்கிளையில், மண்ணோடு உரசிக்கொண்டிருந்த இரண்டு இலைகள் சேர்த்துத் தைத்த மாதிரி ஒட்டியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். நடுவில் பொட்டு அளவில் வெள்ளையாகப் பை. அதை இலையோடு வெட்டி இரண்டாவது டப்பாவில் வைத்து மூடினார்.

கண்ணாடி வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சிலந்தியை அதன் பழைய செடியின் பச்சைக் குடுவை ஒன்றில் விட்டோம். கறிவேப்பிலைச் செடியைச் சட்டியோடு பையில் கட்டி அண்டாவில் போட்டோம். அது வெந்தபோது காரிடார் முழுக்கக் கறிவேப்பிலை வாசனை. பக்கத்து லேபிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து இன்றைக்கு லஞ்ச் என்ன என்று கேட்டார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. காலையில் மூன்று முறை எண்ணி முடித்ததுமே அங்கிள் நோட்டில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், பேனாவால். அதை நாற்பத்தொன்று என்று மாற்றச் சொன்னேன். இப்போது நாற்பத்தொன்று இருக்கிறதே, பொய் இல்லையே என்றேன். மாட்டேன் என்றார். பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாமே என்று கெஞ்சினேன். "எண்ணுனப்ப நாப்பதுதான இருந்துச்சு" என்றார். பிடிவாதக்காரக் கிழவர் என்று மனதுக்குள் திட்டினேன். அவரே என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றும் நினைத்தேன்.

புதன்கிழமை மதியம் கார் பார்க்கிங்கில் வைத்துச் சொன்னார். அவர் விதை ஆய்வாளராக ஊர் ஊராகப் போய் எத்தனையோ கடைகளில் நோட்டைப் புரட்டியவர். அந்தப் பக்கத்து மூளை எப்படி வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

"இன்ஸ்பெக்டருக்கு ஒரு காரணம் வேணும், ஒரு ஆளு வேணும். ரெண்டையும் குடுத்துட்டா ஃபைலை மூடிருவாரு. செடியை நான் கொண்டாந்தேன்னு சொல்லுதேன். மேடத்துக்குத் தெரியாது, செவ்வாக்கெழமதான் கண்டுபிடிச்சாங்க, வெளிய எதுவும் போகல, அன்னைக்கே உள்ளயே எல்லாத்தையும் புடிச்சாச்சுன்னு சொல்லுதேன்."

அது சரியில்லை அங்கிள் என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று பயம். என் விசாவுக்காக இதைச் செய்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். கண் கலங்கத் தயாராக இருந்தேன்.

"உனக்காக இல்லம்மா. பெர்மிட்டு உன் பேர்ல இருக்கு. நீ போனா அதுவும் போயிரும், அம்புட்டையும் அண்டாவுல போட்டு அவிச்சிருவான். நான் போனா தண்ணி ஊத்த இன்னொரு ஆளு வருவான்." கொஞ்ச நேரம் கழித்து, "உன் மேல எனக்குக் கோவம்தான்" என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் அமைதியான பெண்மணி. நோட்டை நிதானமாகப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் ஒரு அடி முன்னால் வந்தார். அவருடைய இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: கறிவேப்பிலைச் செடி, தன் வீட்டுச் செடி, குளிரில் சாகிறதே என்று தான்தான் கொண்டுவந்தது, மேடத்துக்குத் தெரியாது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். டப்பாவில் இருந்த முட்டைப் பையைப் பார்த்தார், அண்டாவின் பதிவைப் பார்த்தார். கடைசியாக என் பக்கம் திரும்பி, இவர் சொல்வது சரிதானா என்று கேட்டார். அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ ஒரு குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "யெஸ்" என்றேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பெர்மிட் தப்பியது. ஓர் எச்சரிக்கைக் கடிதம், சம்பந்தப்பட்ட பணியாளரை நீக்க வேண்டும் என்ற நிபந்தனை, அதோடு முடிந்தது. அவருடைய பணி நீக்கக் கடிதத்தில் மேனேஜர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டது நான். பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறியதற்காக என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அவர் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, முட்டைப் பை இருக்கிற டப்பாவில் தினம் ஒரு சொட்டு ஈரம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டைகள் பொரிந்தன. பிறகு அந்தக் கண்ணாடி வீட்டில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பையின் வழிவந்தவைதான்.

வேலை முடிந்ததும் மனிதரைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போடுவது என்று நம் வாயில் சாதாரணமாக வரும். நான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரிடமும் பயன்படுத்தியதில்லை. கோயிலுக்குக் கூட அங்கிளும் மகளும் வராத நேரம் பார்த்துப் போனேன். ஒருமுறை கேண்டீன் வரிசையில் தூரத்தில் அவரைப் பார்த்துவிட்டு, வாங்கிய டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்திருந்தேன். இப்படியே ஆறு வருடம் போயிற்று. போன வருடம் எனக்குக் கிரீன் கார்டு வந்தது. கணவர் பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். அன்று இரவே அங்கிள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். இனி எனக்கு இழக்க ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது அந்த வேலையையும் விட்டாயிற்று, பெர்மிட்டும் வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது, அதனால்தான் இதையெல்லாம் எழுத முடிகிறது. ஆனால் அவர் வீட்டுக்கு நான் போன அந்தச் சனிக்கிழமை பெர்மிட் என் பெயரில்தான் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

மகள்தான் கதவைத் திறந்தாள். ஆச்சரியப்பட்டாள், உட்கார வைத்தாள். அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்து "வாங்க மேடம்" என்றார். மெலிந்திருந்தார். வீட்டில் ஒரு செடி இல்லை, ஜன்னலோரம் ஒரு துளசி கூட இல்லை. மகளே அந்தப் பேச்சை எடுத்தாள். "அப்பாவை நான் அதுக்கப்புறம் எதையும் டச் பண்ண விடறதில்ல மேடம். எங்க போனாலும் ஏதாவது பிரச்சனை பண்ணிடுவாரோன்னு பயம். சிட்டிசன்ஷிப் கூட அப்ளை பண்ணல, ஃபார்ம்ல இதை எப்படி எழுதறதுன்னு தெரியல." அவள் கணவர், வீட்டுக்கு விருந்தினர் வந்தால் மாமனார் கறிவேப்பிலைச் செடிக்காக வேலையை விட்ட கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பாராம். அதையும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். மகள் வீட்டில் இருக்கிற அப்பா எப்படிச் சிரிப்பாரோ அப்படி அங்கிளும் சிரித்தார். எனக்கு உடம்பு எரிந்தது.

அவள் காபி போட உள்ளே போனபோது, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"சொன்னா உனக்குப் பாரம் இறங்கிரும். இறக்கி வைக்க என் வீடுதான் கெடைச்சுதா?" என்றார். பிறகு, "எத்தனை இருக்கு இப்போ?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன். "பொறவு என்ன. காபியைக் குடிச்சிட்டுப் போ" என்றார்.

நான் கேட்கவில்லை. மகள் தட்டை வைத்ததும் சொல்லிவிட்டேன். அந்தச் செடி என்னுடையது, நான்தான் கொண்டுபோய் வைத்தேன், உங்கள் அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடம் அவரைப் பேசியதெல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றது.

அங்கிள் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "மேடம் அன்னைக்கும் இப்பிடித்தான். என்னையக் காப்பாத்தணும்னு தன் மேல போட்டுக்கிடப் பாத்தாங்க. நாந்தான் ஒத்துக்கிடல. எம் புத்தி கெட்டுப்போயி நான் செஞ்சதுக்கு அவங்க என்ன செய்வாங்க?"

மகள் என்னிடம் திரும்பினாள். "அப்பா சொல்றது கரெக்ட்தானே மேடம்?" என்றாள். அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று குரலிலேயே தெரிந்தது. ஆறு வருடம் பேசியதைத் திரும்ப எடுக்கத் தேவையில்லாத பதில். அங்கிள் இந்த முறை என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்றாள், கண் கலங்கியது. வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நான் சொன்னது ஒரே சொல்தான், ஒரு தடவை இங்கிலீஷில், ஒரு தடவை தமிழில். முதல் தடவை எனக்காகச் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது தடவை அவருக்காக, அந்த ஐம்பத்திரண்டு உயிர்களுக்காகச் சொன்னேன் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் அன்று வீடு வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு வந்தபோது என் மனம் லேசாக இருந்தது, அதனால்தான் நம்ப முடியவில்லை.